வாளின் கைபிடியும் அதிற் படிந்த கைகளும்

ஆலயங்களில் மூலமூர்த்திக்கும் எழுந்தருளி விக்கிரகங்களுக்கும் உள்ள மகிமையைப் பற்றி ஆண்டு மலர்களிலே அறிஞர் பலர் எழுதுவர். அதே ஆலயத்தின் களஞ்சிய அறையில், பழைய குடைகளுக்கும் தீவட்டிகளுக்கும் பக்கத்தில், துணி சுற்றிக் கிடக்கும் ஆயுதங்களைப் பற்றி எழுதுவோர் அரியர். வன்னி மண்ணின் ஊர்க் கோயில்களில் வைரவர் சூலமாக வழிபடப்படுகின்றார். முருகப் பெருமான் வேலாக எழுந்தருளுகின்றார். அம்மனின் திருக்கரத்திலே வாள் விளங்குகின்றது. ஆகவே ஆயுதம் என்பது சைவர்களுக்கு வெறும் இரும்பன்று. அது அருளின் அடையாளமும் ஆகும்.

திருவிழா நெருங்கும்போது அத்தகைய பழைய வாளொன்றை எடுத்துத் துப்புரவாக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. "ஐயா, பிடியெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கு. மழிச்சு வார்னிஷ் பூசினால் புதுசு மாதிரி வந்திடும்" என்று இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு கூறுவார். "தம்பி, அவசரப்படாதையும். அந்தக் கறுப்பிலதான் அதின்ர வயசு இருக்கு" என்று முதியவர் ஒருவர் மறுப்பார். இருவரும் பக்தியினாலேயே பேசுகின்றனர். ஆயினும் இருவர் சொல்லும் ஒன்றாக அமைவதில்லை. எது அழுக்கு, எது வாள் என்னும் இக்கேள்வி சிறியதாகத் தோன்றினும், பழைமையைப் பேண விரும்பும் ஒவ்வோர் ஊரும் விடை காண வேண்டிய அறக்கேள்வி ஆகும்.

கைபிடி என்னும் சந்திப்பு

வாளின் அலகு இரும்பினால் அல்லது உருக்கினால் ஆனது. அலகின் அடிப்பகுதி ஒடுங்கி முளைபோல் நீண்டு கைபிடிக்குள் ஏறும். மரக் கைபிடியாயின் அம்முளையைச் சுற்றி மரம் இறுக்கப்பட்டு, அரக்கினாலோ ஆணியினாலோ நிலைநிறுத்தப்படும். ஊரிலே கொல்லர் கத்திக்குப் பிடி போடும் முறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அரக்கை உருக்கித் துளையில் இட்டு, சூடாக்கிய முளையை அதனுள் இறக்குவர். ஆறியதும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இரும்பு மாரியிலும் கோடையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். மரமோ ஐப்பசி முதல் மார்கழி வரையான ஈரத்தில் உப்பி, ஆனி ஆடி மாதக் காய்ச்சலிற் சுருங்கும். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு உப்பியும் சுருங்கியும் வருவதனால் பிடியில் வெடிப்பு விழுகின்றது. பிடி ஆடத் தொடங்குகின்றது. ஈரம் உள்ளே புகுந்தால் முளை துருப்பிடிக்கும். துருவானது தான் பிறந்த இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பது. எனவே அது உள்ளிருந்தே மரத்தைப் பிளக்கும். வெளியே தெரியும் வெடிப்பு பல வேளைகளில் உள்ளே வளர்ந்த துருவின் விளைவே ஆகும்.

பிடி ஆடுகின்ற மண்வெட்டியையும் கோடாலியையும் வாய்க்காலிலோ வாளித் தண்ணீரிலோ ஊறப்போட்டு இறுக்குவது வயல் செய்வோரின் வழக்கம். அன்றைய வேலைக்கு அது போதும். ஆனால் பழைய வாளின் பிடியை அவ்வாறு ஊறவைத்தால், உப்பிய மரம் இரும்பில் நசிந்து, காய்ந்தபின் முன்னையிலும் தளர்ந்துவிடும். உள்ளே சென்ற நீரும் துருவை வளர்க்கும். கருவிக்கு ஏற்ற வைத்தியம் எல்லாம் பழம்பொருளுக்கு ஏற்றதன்று.

எல்லாக் கறுப்பும் அழுக்கன்று

பழைய மரப்பிடியொன்றிற் காணப்படும் கறுப்பு ஒரே வகையினதன்று. மேலே படிந்திருக்கும் தூசியும் விளக்குப் புகையும் முதலாவது வகை. பல ஆண்டுகள் பூசிய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசுக்காகித் தடித்திருப்பது இரண்டாவது. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் ஒன்றுசேர்ந்து உண்டாக்கிய கறை மூன்றாவது. கடுக்காய்ச் சாற்றோடு இரும்பைச் சேர்த்து முன்னோர் மை செய்தார்கள். அதே வேலைதான் இங்கே மரத்துக்குள் தானாக நடந்திருக்கின்றது. அது மேலே ஒட்டிய அழுக்கன்று. மரத்தின் நாரோடு கலந்த நிறம். அதை நீக்க வேண்டுமாயின் மரத்தையே நீக்க வேண்டும்.

நான்காவது, மனிதக் கைகளால் உண்டானது. தலைமுறை தலைமுறையாகப் பிடித்த கைகளின் வியர்வையும் உராய்வும் மரத்தை மழமழப்பாக்கி, ஆழ்ந்த நிறத்தைக் கொடுத்திருக்கும். பெருவிரல் பதியும் இடத்திற் சிறு பள்ளமும் விழுந்திருக்கலாம். வாளைச் செய்த கொல்லரின் பெயர் தெரியாது. பிடித்தவர்களின் பெயரும் தெரியாது. அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து என்று சொல்லத்தக்கது அந்தத் தேய்வு ஒன்றே. சாண்ட் பேப்பர் அரை மணித்தியாலத்தில் அதை அழித்துவிடும். பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது திரும்பாது.

யப்பானியர் வாட்களைப் பேணும் முறையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அவர்கள் அலகைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவர். அவர்களது வாளின் கைபிடி மரத்தாலானது. மூங்கில் முளை ஒன்றைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். ஆனால் பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பு முளையின் துருவை மட்டும் அவர்கள் ஒருபோதும் துடைத்து நீக்குவதில்லை. அந்தக் கருந்துருவின் நிறமே வாளின் வயதைக் காட்டும் சாட்சி. கொல்லர் தமது பெயரைப் பொறிப்பதும் அங்கேதான். ஒரே வாளில் ஒரு பகுதியை ஒளிரச் செய்து, இன்னொரு பகுதியை இருந்தவாறே விடுகின்ற இவ்விவேகம் சிந்திக்கத்தக்கது.

செய்யத் தக்கனவும் தகாதனவும்

பொருளைத் தொடுமுன் நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்தல் வேண்டும். மரம் உறுதியாக இருந்தால் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, உலர்ந்த பருத்தித் துணியாற் துடைத்தல் முதற்படி. அது போதாவிடின், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மறைவான மூலையொன்றிற் சிறிது துடைத்துப் பார்த்து, நிறம் கழராவிட்டால் மாத்திரம் சிறிது சிறிதாகத் தொடர்ந்து, உடனுக்குடன் உலரத் துடைத்தல் வேண்டும். துணியில் ஊத்தை வருவது நிற்கும்போது கையும் நிற்க வேண்டும். அதற்குமேல் தேய்ப்பது அழுக்கையன்று, மரத்தையே எடுப்பதாகும்.

பித்தளைக்குப் பழகிய புளியும் தேசிக்காயும் இங்கே உதவா. அவற்றின் புளிப்பு இடுக்குகளால் உள்ளே இறங்கி இரும்பைத் தின்னும். கடையில் விற்கும் பித்தளை மெருகுப் பசைகள் மரத்தின் வெடிப்புகளில் வெள்ளையாக உறைந்து நிற்கும். தேங்காய் எண்ணெய், இலுப்பை எண்ணெய் போன்றன காய்ந்து இறுகுவதில்லை. தூசியைப் பிடித்து மீண்டும் பிசுக்காகும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். ஆயினும் நாட்செல்ல மரத்தை மேலும் கறுக்கச் செய்வதோடு, பின்னர் எடுக்கவும் முடியாததாகிவிடும். இதனாலேயே இன்றைய அருங்காட்சியகங்கள் அதனைத் தவிர்த்து, வேண்டுமிடத்து மிக மெல்லிய மெழுகுப் பூச்சோடு நின்றுவிடுகின்றன.

பிடியிலிருந்து மாப்போன்ற தூள் உதிருமாயின் உளு உள்ளே உயிரோடு இருக்கின்றது என்று கொள்ளலாம். நஞ்சு தெளிப்பதற்குப் பதிலாக, பொருளைப் பொலித்தீன் உறையில் காற்றுப் புகாது கட்டி, மிகக் குளிர்ந்த பிறீசரில் ஓரிரு வாரங்கள் வைத்துப் பூச்சிகளைக் கொல்லும் முறையை அருங்காட்சியகத்தார் கையாளுகின்றனர். உலோகமும் மரமும் சேர்ந்து வெடிப்புள்ள பொருளாயின், இதனை அறிந்தவரின் ஆலோசனையோடு மட்டுமே செய்தல் நன்று.

இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாகும். 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை எனக் கருதத்தக்க பொருட்களை அது தொல்பொருள் என வரையறுக்கின்றது. ஆகவே மிகப் பழைய வாளொன்று ஓர் ஊருக்கு மட்டும் உரிய விடயமாக நின்றுவிடுவதில்லை என்பதையும் நிருவாகத்தினர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மாற்றுவதா, பேணுவதா?

பிடி முற்றாக உளுத்துப் போயிருந்தால் என் செய்வது? புதுப்பிடி போட்டால் அது அதே வாள்தானா? இக்கேள்விக்கு இந்து மரபு ஒன்றல்ல, இரண்டு விடைகளைத் தருகின்றது.

ஒடிசாவிலுள்ள பூரி சகந்நாதர் ஆலயத்தில் மூர்த்திகள் மரத்தாலானவை. குறித்த ஆண்டுகளில், அண்மையில் 1996 இலும் 2015 இலும், வேப்பமரத்தைத் தேர்ந்தெடுத்துப் புதிய திருவுருவங்கள் செய்யப்பட்டன. பழைய உருவத்தினுள் இருக்கும் பரம்பொருட் சின்னத்தைக் கண்ணைக் கட்டிய பூசகர் புதியதற்கு மாற்ற, பழைய உருவங்கள் ஆலய வளவிலேயே புதைக்கப்படுகின்றன. மரம் மாறலாம், உள்ளிருக்கும் பொருள் மாறாது என்பது அங்குள்ள விடை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் ஆலயத்திலோ அத்தி மரத்தாலான பழைய மூர்த்தி திருக்குளத்து நீரினடியிற் பேணப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகின்றார். 1979 இலும் 2019 இலும் அடியார்கள் கண்ட திருவுருவம் ஒன்றே. பழையதே வேண்டும், அதற்கு ஈடாகப் பிறிதொன்று இல்லை என்பது இங்குள்ள விடை.

இரண்டும் பக்தியே. ஆயினும் பூரியிற் புதியது வரும்போது பழையது குப்பைக்குப் போவதில்லை. முறைப்படி அடக்கம் பெறுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். வாளின் பழைய பிடி எதற்கும் உதவாத நிலையை அடைந்து புதுப்பிடி போட நேர்ந்தாலும், பழைய பிடியின் துண்டுகளைத் துணியிற் சுற்றி, குறிப்பெழுதி, அதே பெட்டியில் வைப்பது அம்மரபுக்கு ஒத்த செயலாகும். பழைய இரும்பு வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுப்பதும், அடுப்பில் இடுவதும் ஆலயப் பொருளுக்கு ஏற்றனவல்ல.

புதுப்பிடிக்கு மரம் தேட வன்னியார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதிரை, பாலை, கருங்காலி என உறுதி வாய்ந்த மரங்கள் விளைந்த மண் இது. பூவரசங்குளத்துக்குப் பெயர் தந்த பூவரசே அதற்குப் பொருத்தமான மரந்தான். காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையிற் சிவக்கும் பூவும், சிறுவர் சுருட்டிப் பீப்பீ ஊதும் இலையும் எல்லோரும் அறிந்தவை. அதன் முற்றிய வைரம் செங்கருமை நிறமும் உறுதியும் உடையது. வண்டில் வேலைக்கும் தளபாடங்களுக்கும் உகந்தது. ஆயினும் புதிய பிடியைப் பழையதுபோற் காட்டுவதற்காகச் சாயம் ஏற்றுவது முறையன்று. புதியது புதியதாகவே தெரிய வேண்டும். 1964 இல் வெனிஸ் நகரிற் கூடிய நிபுணர்கள் பழஞ்சின்னங்களைச் சீரமைப்பதற்கு வகுத்த பட்டயமும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்ற கருத்தையே வற்புறுத்துகின்றது.

அட்டபந்தனம் உணர்த்தும் நெறி

இக்கருத்தை மேனாட்டாரிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. கும்பாபிஷேக காலத்தில் மூர்த்தியையும் பீடத்தையும் இணைக்கச் சாத்தும் அட்டபந்தன மருந்தை எண்ணிப் பார்க்கலாம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் இடித்துச் சேர்த்த அம்மருந்து, தான் இணைக்கும் கருங்கல்லைவிட மென்மையானது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதனை எடுத்து, மூர்த்திக்கு ஊறு நேராமற் புதியதைச் சாத்தலாம். கல்லைவிட வலிய பசையைச் சாத்தியிருந்தால், அடுத்த திருப்பணியிற் பசையை எடுக்கும்போது கல் உடைந்துவிடும்.

பழைய பொருளைச் சீர்செய்யப் பயன்படும் எதுவும் அப்பொருளைவிட மெலியதாகவும், பின்வருவோர் எடுக்கக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க நெறி. வெடித்த கைபிடியை அரல்டைட் போன்ற வன்பசையால் ஒட்டினால் அது மரத்தைவிட வலியதாக நிற்கும். அடுத்த வெடிப்பு பக்கத்து நல்ல மரத்தில் விழும். பழைய தச்சர்களின் வச்சிரப் பசை வெந்நீரில் இளகக் கூடியது. அது விலங்கின் தோலிலிருந்து காய்ச்சப்படுவதனால் ஆலயப் பொருளுக்கு விரும்பாதவர்கள், வெடித்த இடத்தைப் பருத்தி நூலால் இறுக்கிச் சுற்றி நிறுத்தலாம். நூலை எவரும் எந்நாளும் அவிழ்க்கலாம்.

அரசாங்க அலுவலகங்களின் பதிவேடுகளிலும் இந்நெறி உண்டு. பதிவிற் பிழை கண்டால் அதனைச் சுரண்டி அழிப்பதில்லை. பழையது வாசிக்கத்தக்கதாக ஒரு கோடு கீறி, மேலே சரியானதை எழுதி, திகதியிட்டுச் சுருக்கொப்பம் வைப்பர். முன்னையவர் எழுதியதும் பின்னையவர் திருத்தியதும் இரண்டும் தெரியும்போதே பதிவேடு நம்பத்தக்கதாகின்றது. ஆலயத்தின் பொருட்பதிவேட்டிலும் வாளின் நீளம், பிடியின் நிலை, எந்த நாளில் எதனால் துப்புரவு செய்யப்பட்டது என்பன எழுதப்படுமாயின், ஐம்பது ஆண்டுகளின் பின் வரும் நிருவாகத்தினர் இருளிற் தடவ வேண்டியிராது.

இத்தகைய பதிவுகளின் பயன் அண்மைக் காலத்தில் உலகறியத் தெரிந்தது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிற் கொள்ளையிட்ட பொருட்களுட் பொன் வேலைப்பாடமைந்த கஸ்தானே என்னும் வாளும், வெள்ளிக் கஸ்தானே ஒன்றும், பீரங்கியும் பிறவும் ஆம்ஸ்ரடாம் அருங்காட்சியகத்தில் இருந்தன. பொருட்களையும் பழைய எழுத்துப் பதிவுகளையும் நுணுகி ஆராய்ந்து அவற்றின் வரலாறு தெளியப்பட்ட பின்னரே, 2023 இல் ஆறு பொருட்கள் இலங்கைக்கு மீண்டு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. தன் சுவடுகள் அழிக்கப்பட்ட பொருளுக்கு உறவினர் என்று உரிமை கோர எவரும் இரார்.

மலமும் வாழ்வும்

ஆன்மாவைப் பற்றியுள்ள ஆணவத்தைச் செம்பிற் களிம்போடும் நெல்லின் உமியோடும் ஒப்பிட்டுச் சைவ சித்தாந்தம் விளக்கும். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. செம்போடு உடன் தோன்றியது. இரும்பின் துருவும் அத்தகையதே. அதை ஒருநாளில் ஒழித்துவிட இயலாது. ஈரம் அணுகாது காத்து அடக்கி வைக்கவே இயலும். தூசியும் புகையும் இடையில் வந்தவை, துடைத்தாற் போகும். கைகளின் தேய்வோ செய்த செயலின் பயன். கன்மத்தைச் சுரண்டி எடுக்க இயலாது, அனுபவித்தே கழிக்க வேண்டும் என்பர் பெரியோர். உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் ஆகாது. எனினும் மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை என்பதை அறிய அது போதும்.

வன்னியில் இக்கேள்வி இன்னும் ஆழமானது. 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் பண்டாரவன்னியன் தோல்வியுற்றதைக் குறிக்கும் கல் கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. வென்றவர் நாட்டிய கல்லே தோற்றவனின் பெயரைத் தலைமுறைகளுக்குச் சொல்லும் சாட்சியாயிற்று. அதற்குப் பின்னும் இம்மண் ஆயுதங்களின் கொடுமையை நெடுங்காலம் கண்டது. 2009 வரை நீடித்த போரில் இடம்பெயராத ஊர் குறைவு; இழக்காத குடும்பம் குறைவு. இத்தகைய மண்ணில் வாளொன்றை வெறும் அழகுப் பொருளாக மெருகேற்ற மனம் கூசும். ஏனெனில் அந்தப் பிடியைப் பற்றிய கைகள் காவலுக்கும் பற்றியிருக்கலாம், கொலைக்கும் பற்றியிருக்கலாம். இரண்டையும் மரம் வேறுபாடின்றி ஏற்றுக்கொண்டுள்ளது.

வாளைப் பளபளக்கச் செய்து வீரத்தை மட்டும் காட்டுவது பாதி உண்மை. பழசு என்று எறிந்து மறப்பதும் பாதி உண்மை. அம்மனின் திருவடியில் வைக்கப்பட்ட வாள், இனி எவருக்கும் எதிராக ஓங்கப்படாது என்று ஒப்படைக்கப்பட்ட வாள் ஆகும். அதன் கறுத்த பிடி, ஒப்படைத்த கைகளின் சாட்சி. அந்தச் சாட்சியைத் திருத்தி எழுத இன்றைய தலைமுறைக்கு உரிமை இல்லை. அதனைக் கறையானிடமிருந்தும் துருவிடமிருந்தும் காக்கும் கடமை மட்டும் உண்டு.

எனவே பழம்பொருளொன்றில் கை வைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம். நீக்கப் போவது பொருளுக்குத் தீங்கு செய்கின்றதா, கண்ணுக்கு மட்டும்தான் பிடிக்கவில்லையா? செய்யப் போவதைப் பின்வருவோர் மாற்றியமைக்க இயலுமா? செய்ததை எழுதி வைக்க மனம் துணிகின்றதா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்கும்வரை உலர்ந்த துணியும் பொறுமையுமே போதிய கருவிகள்.

விழா நாளிலே வாளைக் காணும் சிறுவன், "ஏன் அப்பு பிடி கறுப்பாயிருக்கு?" என்று கேட்பான். அவனுக்குச் சொல்ல விடை இருப்பதே அவ்வூர் தன் முன்னோருக்குச் செய்யும் பூசையாகும். பழையன பேணும் அறிவையும், புதியன புகுத்தும்போது அடக்கத்தையும் எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அடியார் அனைவருக்கும் அருள்வதாக.

சுபம்.